தாக்கோவும் தாயக்கட்டையும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஏழு பேர். ஆறு வருஷமாக ஞாயிறு தவறாமல் ஒரு நண்பர் வீட்டு மாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, டைஸ் உருட்டி, கதையாக ஆடும் ஆட்டம் அது. மூத்தவர்கள் மூன்று பேர் பழைய பதிப்பு ஆடிப் பழகியவர்கள். மற்ற நான்கு பேரும் ஐந்தாம் பதிப்பில்தான் ஆட்டத்தையே கற்றோம். 2024-இல் திருத்திய புத்தகம் வந்தது, அதற்கு மாறலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "உங்க ஆட்டத்துல எவனும் சாவறதே இல்ல, அதெல்லாம் ஒரு ஆட்டமா" என்றார் ஒருவர். "தாக்கோ கணக்குப் போடத் தெரியாதவனுக்கு டைஸ் எதுக்கு" என்றார் இன்னொருவர்; தாக்கோ என்பது அடி படுமா என்று பார்க்கப் பழைய பதிப்பில் இருந்த கணக்கு. நாங்களும் சும்மா இருக்கவில்லை. போன மாதம் ஏற்காட்டில் இரண்டு நாள் ரூம் போட்டிருந்தோம். அங்கேயும் இரண்டு மேஜையாகப் பிரிந்து, பேசிக்கொள்ளாமலேயே இறங்கி வந்துவிட்டோம். எந்தப் பதிப்பு சரி என்று நீங்கள் சொன்னால் இரண்டு தரப்பும் கேட்கும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பிக்கு,

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய், முகம் பார்க்காமல் இறங்கி வந்திருக்கிறீர்கள். படித்ததும் மனசு கனத்துப்போனது. தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நீங்கள் எழுதிய இரண்டு வாக்குவாதங்களில் தாக்கோ பற்றியதற்கு ஒரு முகாந்திரமும் கிடையாது. சாவு பற்றியதில் நிஜமாகவே விஷயம் இருக்கிறது, அதை உங்களில் யாரும் உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை.

தாக்கோவை முதலில் முடித்துவிடுவோம். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பை ஆடியவர்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு ஆர்மர் கிளாஸ் என்ற கவச எண் குறையக் குறையக் கவசம் வலுவானது என்று பொருள். உங்கள் வீரனின் தாக்கோ 17, அதாவது ஆர்மர் கிளாஸ் 0 உள்ளவனை அடிக்க 17 விழ வேண்டும்; எதிரியின் ஆர்மர் கிளாஸ் 4. கழித்தால் 13. இருபது முக டைஸில் 13-ஓ அதற்கு மேலோ விழுந்தால் அடி படும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாகத் திருப்பியது. அதே வீரனுக்கு இப்போது டைஸில் விழுவதோடு கூட்டல் 3, அதே எதிரியின் ஆர்மர் கிளாஸ் 16. எவ்வளவு விழ வேண்டும்? 13-தான். இரண்டிலும் நூற்றுக்கு 40 வாய்ப்பு. ஒரு கட்டுரை நோட்டின் பின்னட்டையில் இதைப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எத்தனை பேரிடம் இதற்காக மல்லுக்கு நின்றிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. கழித்தலுக்குப் பதில் கூட்டல் செய்கிறவனை ஆட்டம் தெரியாதவன் என்பது அநியாயம். அந்த மூத்தவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

சாவு விஷயம் அப்படி இல்லை. அதைச் சொன்னவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 1970-களின் கடைசியில் வந்த அட்வான்ஸ்டு பதிப்பில் ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தால் ஒரே ஒரு ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, திரும்பும். ஐந்தாம் பதிப்பில் எட்டு மணி நேரம் ஓய்வெடுத்து எழுந்தால் மொத்தமும் வந்துவிடும். ஹிட் பாயிண்ட் தீர்ந்து விழுந்தவனுக்குக்கூடப் பெரும்பாலும் டைஸ் மூன்று தடவை கைவிட்டால்தான் உயிர் போகும்.

ஏன் இப்படி மாறியது என்பதற்கு, பழைய ஆட்டம் எதற்குக் கூலி கொடுத்தது என்று பார்க்க வேண்டும். குகையிலிருந்து வெளியே கொண்டுவந்த ஒரு பொற்காசுக்கு, ஆளை மேல் நிலைக்கு ஏற்றும் ஓர் அனுபவப் புள்ளி. அரக்கனைக் கொன்றால் கிடைத்தது அதோடு ஒப்பிட்டால் சொற்பம். அவன் தூங்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருபவன்தான் கெட்டிக்காரன். வாளை உருவ வேண்டி வந்தாலே போட்ட திட்டம் எங்கோ சொதப்பிவிட்டது என்று பொருள். செத்தாலும் பத்து நிமிஷத்தில் புது ஆளை எழுதிக்கொண்டு உட்காரலாம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்புப் புத்தகமோ உங்கள் ஆளுக்கு ஒரு லட்சியம், ஒரு பற்று, ஒரு பலவீனம் எல்லாம் எழுதச் சொல்கிறது. ஆறு மாதம் சோறூட்டி வளர்த்த ஆளை ஒரு டைஸ் வீச்சில் சாகடிக்க யாருக்கு மனசு வரும்? உங்கள் மூத்தவர் "இந்தக் குகையிலிருந்து உயிரோடு வெளியே வருவேனா" என்று பார்க்க உட்காருகிறார். நீங்கள் "இந்த ஆள் கடைசியில் என்ன ஆவான்" என்று பார்க்க உட்காருகிறீர்கள். ஒரே மேஜையில் இரண்டு எதிர்பார்ப்பு, அதைச் சொல்லிக்கொள்ளவே இல்லை.

ஆத்தூரில் எங்கள் பாட்டி வீட்டில் தாயம் ஆடும்போது, ஒரு காயையாவது வெட்டாமல் பழம் ஏறக் கூடாது. சங்ககிரியில் அத்தை வீட்டில் வெட்டாமலும் ஏறலாம். லீவுக்கு எல்லோரும் ஒன்று கூடினால், அத்தை பித்தளைக் கட்டைகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, போடாமல் நிறுத்திக் கேட்பார்: "வெட்டினாத்தான் பழமா, வெட்டாமயும் பழமா? இப்பவே சொல்லிருங்க." பாட்டி ஒரு வார்த்தை சொல்வார். அதற்குப் பிறகுதான் கட்டை தரையில் விழும். வெட்டுப்பட்டு அழுதவர்கள் உண்டு, விதிக்காகக் கோபித்துக்கொண்டு போனவர் யாரும் இல்லை.

அந்த வீட்டில் வளர்ந்த நான் 2008-இல் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்காம் பதிப்பு வந்த வருஷம் அது. கூடவே ஆடிய நண்பன் அதை வாங்கி வந்தான். ஐந்து ரோடு பக்கம் ஒரு டீக்கடையில் நின்று, அது கம்ப்யூட்டர் கேம், அதை ஆடுகிறவனுக்குக் கற்பனை கிடையாது என்று இரண்டு மணி நேரம் பேசினேன். அவன் மறுக்கவே இல்லை. புத்தகத்தைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினான். நான் மூன்றாம் பதிப்பின் விதிகளை ஒட்டி அடுத்த வருஷம் வந்த பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்துக்குப் போனேன். அவன் வெளிநாடு போனான்.

அவன் எப்போதும் வாள்வீரன்தான் எடுப்பான். மூன்றாம் பதிப்பில் மேல் நிலைகளுக்குப் போகப் போக மந்திரவாதி எல்லாவற்றையும் செய்துவிடுவான், வாள்வீரனுக்கு "அடிக்கிறேன்" என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை இருக்காது. நான்காம் பதிப்புதான் அவன் கைக்கு ஒவ்வொரு முறையும் செய்ய நாலு விதமான வேலை கொடுத்தது. பல வருஷம் கழித்து அதை ஒரு தடவை ஆடிப் பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. டீக்கடையில் "உனக்கு இதுல என்னடா பிடிச்சிருக்கு" என்று நான் கேட்டிருக்கலாம்.

நீங்கள் கேளுங்கள், முதலில் சாவு பற்றிச் சொன்ன அந்த மூத்தவரை. ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டருக்காக 2014-இல் வந்த கையேட்டில் ஒரு மாற்று விதி இருக்கிறது. அதன்படி எட்டு மணி நேரத் தூக்கம் சின்ன ஓய்வுதான், முழு ஓய்வுக்கு ஏழு நாள் வேண்டும். அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு வெளியே வந்த தங்கத்துக்குத்தான் அனுபவப் புள்ளி என்று பழைய கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புத்தகம் உங்களுடையதாக இருக்கட்டும், டன்ஜன் மாஸ்டர் நாற்காலியில் அவர் உட்காரட்டும். நான்கு ஞாயிறு ஆடிவிட்டு, முதலில் செத்தது யாருடைய ஆள், எப்படிச் செத்தான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்