சோயா ரகச் சோதனை: வாசகர் கேள்விகள்

குளிர் நாட்டு ரகம் ஒன்றை விதைத்தேன். முழங்கால் உயரம்கூட வராமல் ஒரு மாதத்துக்குள் பூத்துவிட்டது. விதை மோசமா?

விதையைக் குறை சொல்லாதீர்கள். சோயா, பகல் குறுகினால் பூக்கும் பயிர். கோடையில் 15, 16 மணி நேரப் பகலுக்குப் பழகிய ரகத்துக்கு 12, 13 மணி நேரம் கிடைத்தால் வளராமலே பூக்கும். ரகம் எவ்வளவு சீக்கிரம் முற்றும், எந்தப் பகல் நீளத்துக்கு ஏற்றது என்று காட்டுவது முதிர்ச்சிக் குழு எண்; 000-இல் தொடங்கி 10 வரை போகும். அதைப் பார்க்காமல் விதை வரவழைக்காதீர்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்றால், குறும்பகலிலும் தாமதமாகப் பூக்கும் ரகமாகத் தேடுங்கள். பிரேசிலின் வெப்பப் பகுதிகளில் சோயா பரவ இந்தக் குணம் பெரிதும் உதவியது.

இலை வெளுத்திருக்கிறது. யூரியா போடலாமா?

விதைத்த தேதியையாவது எழுதியிருக்கலாம். முதலில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துக் கொடுப்பது இந்த முடிச்சுதான். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது, காரணத்தை வேறெங்காவது தேட வேண்டும். முடிச்சே இல்லையென்றால், முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிரை, அதாவது சோயாவுக்கான ரைசோபியத்தை, விதையில் கலக்க மறந்திருப்பீர்கள். மற்ற பயறுகளுக்கு விற்கும் பாக்கெட் இதற்கு உதவாது.

புது ரகம் முதல் பருவத்திலேயே பிரமாதம். மற்றவர்களுக்குச் சொல்லலாமா?

எதைவிடப் பிரமாதம்? பக்கத்தில் உள்ளூர் ரகம் எதையும் விதைத்ததாக நீங்கள் எழுதவில்லை. ஒப்பீட்டு ரகம் இல்லாத வயலில் தெரிவது அந்த வருட மழையின் பலன்தான். இதை எத்தனை முறை எழுதிவிட்டேன்! இப்படி ஒரு பருவத்தை நம்பி அடுத்த பருவம் நிலம் முழுக்க விதைத்து, மழை தவறியதும் சோயாவையே கைவிட்டவர்கள் உண்டு. அதுதான் எனக்கு ஆற்றாமை.

குறைந்தது மூன்று பருவம் பாருங்கள். ஒவ்வொரு ரகத்தையும் வயலில் மூன்று, நான்கு இடங்களில் சீட்டுக் குலுக்கிப் போட்டு விதையுங்கள். ஓர வரிசைகளுக்கு வெயிலும் காற்றும் கூடுதலாகக் கிடைக்கும், அவற்றை எடையில் சேர்க்காதீர்கள். அப்புறம் ஈரம். 20 சதவீத ஈரத்தில் 100 கிலோ நின்ற விதை, 13 சதவீதத்துக்குக் காய்ந்தால் 92 கிலோதான். ஒன்றை ஈரமாகவும் மற்றதைக் காயவைத்தும் நிறுத்துவிட்டு வெற்றி தோல்வி பேசாதீர்கள்.

அறுவடை எப்போது?

நூற்றுக்கு 95 காய் முற்றிய நிறத்துக்கு வந்த பிறகு, விதை காயும்வரை சில நாள். அதற்கு மேல் விட்டால் சில ரகங்களில் காய் வெடித்துவிடும்.

மிச்சமிருக்கும் போன வருட விதையைச் சோதனைக்கு எடுக்கலாமா?

முளைப்புத்திறன் பார்த்துவிட்டு எடுங்கள். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் சோயா விதை சில மாதங்களிலேயே வீரியம் இழக்கும். ஒப்பீட்டு ரகத்தின் விதையையும் அதே நாளில் முளைக்கப் போடுங்கள்.