"மேடம், நீங்க நினைச்ச படிப்புதான் படிச்சீங்களா?"

போன சனிக்கிழமை உங்கள் மகளின் மேற்படிப்பைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டுவிட்டுக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். உங்கள் மகள் அதற்குள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

இல்லை அம்மா, நினைத்த படிப்பைப் படிக்கவில்லை.

1992-இல் கோவில்பட்டியில் ப்ளஸ் டூ முடித்தேன். ஃபர்ஸ்ட் குரூப். டாக்டராக வேண்டும் என்பது என் ஆசையா, அப்பாவின் ஆசையா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அப்போது நீட் இல்லை, மாநில நுழைவுத்தேர்வு இருந்தது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, மொத்தம் 300-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். எனக்கு எட்டவில்லை. எட்டாத பிள்ளைகளுக்கு அன்றைக்கு எல்லோரும் சொன்ன ஒரே வழி இம்ப்ரூவ்மென்ட். அதே பாடங்களை அடுத்த வருஷம் திரும்ப எழுதலாம். நானும் எழுதினேன்.

உங்கள் மகள் "இன்னொரு வருஷம் நீட் எழுதறேன்" என்கிறாள். அதனால் அந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் உங்களிடம் விரிவாகச் சொல்லவேண்டும். கூடப் படித்தவர்கள் காலையில் கல்லூரி பஸ்ஸுக்குப் போவார்கள். அவர்கள் தெருவைத் தாண்டும் வரை நான் தண்ணீர் பிடிக்கக்கூட வெளியே வரமாட்டேன். "இப்ப என்ன படிக்கிற?" என்று யாராவது கேட்பார்களே என்று மாமா வீட்டுக் கல்யாணத்துக்கே போகவில்லை. அப்பா திட்டவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைப்பார், அவ்வளவுதான். அது எனக்குத் திட்டைவிட வலித்தது. அந்த வருஷம் ப்ளஸ் டூ மதிப்பெண் கூடியது, நுழைவுத்தேர்வு முன்னதைவிட மோசமாகப் போனது. படிக்காமல் போனதால் அப்படி ஆகவில்லை. வினாத்தாளைப் பார்த்தபோது கை நடுங்கியது, அதனால் ஆனது.

பிறகு கிடைத்ததில் சேர்ந்தேன்: பி.எஸ்சி. வேதியியல். முதல் ஆறு மாதம் வகுப்பில் தலையே நிமிரவில்லை. ஆய்வகத்தில் ப்யூரெட்டைப் பிடித்து, ஒரு சொட்டில் நிறம் மாறுவதைப் பார்த்த பிறகுதான் அந்தப் படிப்பு என் படிப்பானது. 1997-இல் கல்யாணம், திருப்பூர் வந்தேன். பையன் பிறந்தான். சில வருஷங்கள் வீட்டோடு இருந்தேன்.

பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர் ஒரு சின்னத் துண்டை அனுப்புவார். அதே நிறத்தை முதலில் சிறிய அளவில் சாயம் கலந்து கொண்டுவரவேண்டும். அதற்கு லேப் டிப் என்று பெயர். பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகிற நிறம் கடை விளக்கில் மாறித் தெரியும், அதையும் பார்க்கவேண்டும். பத்து வருஷம் அந்த வேலையை ஆசையாகச் செய்தேன். கை நடுங்கி நுழைவுத்தேர்வைக் கோட்டைவிட்ட அதே பெண், அரைக் கிராம் சாயத்தை நடுங்காமல் எடை போட்டாள்.

2011 ஜனவரியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன, எங்கள் பட்டறையும்தான். ஆறு கெட்டதை நான் கண்ணால் பார்த்தவள், அந்த உத்தரவை இன்றும் குறை சொல்லமாட்டேன். ஆனால் 37 வயதில் வேலை போனது போனதுதான்.

ஒரு பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் சேர்ந்தேன். தேனி, திண்டுக்கல், விருதுநகர்ப் பக்கமிருந்து ப்ளஸ் டூ முடித்த பெண் பிள்ளைகள் வருவார்கள். "ஏம்மா மேலே படிக்கல?" என்று கேட்டால், பாதிப் பேருக்கு எங்கே, எப்படிச் சேர்வது என்றே தெரிந்திருக்கவில்லை. ஒருத்தி ப்ளஸ் டூ முடிக்காமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியிருந்தாள். பட்டம் கேட்கும் தமிழக அரசு வேலைக்குப் பத்தாம் வகுப்பு, பிறகு ப்ளஸ் டூ, பிறகு மூன்று வருஷப் பட்டம் என்ற வரிசையில் படித்திருக்கவேண்டும் என்பதை மூன்று வருஷம் படித்து முடித்த பிறகுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை என் முன்னால் உட்கார்ந்து அழுததுதான் பிள்ளைகளுக்குப் படிப்பு ஆலோசனை சொல்லும் இந்த வேலைக்கு என்னைக் கொண்டுவந்தது. தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. உளவியல் படித்தேன். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

பாதை வளைந்ததால் நான் கெட்டுப்போகவில்லை. அந்தப் பெண்ணுக்கும் வளைவு கெடுதல் செய்யவில்லை, எந்தக் கதவு எதைச் சாத்தும் என்று சொல்ல ஆள் இல்லாததுதான் கெடுதல் செய்தது. இஸ்ரோவின் தலைவராக 2018-இல் வந்த கே. சிவனையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயி மகன். பொறியியல் படிக்க ஆசை, வீட்டில் வசதி இல்லை, நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம் படித்தார். அன்றைக்குச் சென்னை எம்.ஐ.டி. என்ற பொறியியல் கல்லூரி, பி.எஸ்சி. முடித்தவர்களைப் பொறியியலுக்கு எடுத்துக்கொண்டது. அங்கே சேர்ந்து 1980-இல் விமானப் பொறியியல் முடித்தார். அவர் திறமையை எல்லோரும் பேசுகிறோம், பேசவேண்டியதுதான். நான் அந்த எம்.ஐ.டி. கதவையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

இப்போது உங்கள் மகள். 600-க்கு 512, பயோ-மேத்ஸ். கணிதம் கையில் இருக்கிறது, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும், ப்ளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால் பி.எஸ்சி. முடித்துவிட்டுப் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி உண்டு. எம்.எஸ்சி. ஐ.ஐ.டி.யில் படிக்கவேண்டுமென்றால் அதற்கு ஜாம் தேர்வு இருக்கிறது. வேளாண்மைக்கும், கால்நடை மருத்துவத்தின் மாநில ஒதுக்கீட்டுக்கும் ப்ளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. கால்நடைக்குக் கட்-ஆஃப் உயரத்தில் நிற்கும், இருந்தாலும் விண்ணப்பம் போட்டுவையுங்கள். "மருத்துவம் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை" என்று அவள் சொன்னது 17 வயதுப் பேச்சு. நானும் சொன்னேன்.

நீட் திரும்ப எழுதுவது தப்பு என்று சொல்லமாட்டேன். இத்தனை தடவைதான் என்ற வரம்பு இப்போது இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு இருக்கிறது, அது பெரிய பலம். அந்த ஒதுக்கீட்டில் கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்ணையும் இவள் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இடைவெளி 40, 50 என்றால் ஒரு வருஷம் கொடுக்கலாம் என்பேன். 200-ஐத் தாண்டினால், பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டே எழுதட்டும் என்பேன். கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். எப்படியானாலும் ஒரே ஒரு தடவை. இரண்டாவது வருஷம் வேண்டாம்.

வீட்டோடு இருந்து படிப்பதென்று முடிவானால், வாரத்தில் ஒருநாளாவது அவள் வெளியே நாலு பேரைப் பார்க்கவேண்டும். விசேஷத்துக்குக் கூட்டிப்போங்கள். கேட்கிறவர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு பதில் சொல்லுங்கள், அந்தப் பாரத்தை அவள் மேல் போடாதீர்கள். அவள் அப்பா போன வாரம் வரவில்லை, கடையில் வேலை என்றீர்கள். அந்த ஒரு வருஷத்தில் அவர் அவளோடு பேசுவாரா என்பது எனக்குக் கட்-ஆஃபைவிட முக்கியம்.

வருகிற சனிக்கிழமை பத்தரை மணிக்கு வாருங்கள். மார்க் ஷீட், நீட் மதிப்பெண் அட்டை, அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று மூன்றும் வேண்டும். தமிழ்வழியில் படித்ததற்கான சான்றையும் பள்ளியில் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், பின்னால் அரசு வேலைக்குத் தேவைப்படும். முதல் அரை மணி நேரம் அவளும் நானும் மட்டும் பேசுகிறோம். போன வாரம் அவளிடம் கேட்ட ஆறு கேள்விக்கும் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள் அம்மா. பிறகு உங்களையும் அவள் அப்பாவையும் உள்ளே கூப்பிடுகிறேன்.