வாசகர் கேள்வி பதில்: பேண்டை விட்டுப் போன கீபோர்டுக்காரர்

கும்பகோணத்துலேர்ந்து ஒரு கீபோர்ட் தம்பி: அண்ணே, எங்க ஆர்கெஸ்ட்ரா திருவிழா சீசன்ல பிஸியா ஓடுது, ஆனா எனக்கு ஒட்டல. நல்லா போற குழுவ விட்டுட்டு வந்து ஜெயிச்சவங்க யாராச்சும் உண்டா?

இருக்காருப்பா, ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப விட்டுட்டு வந்தவரு. பேரு வின்ஸ் கிளார்க், 1960ல பொறந்தவரு, வளர்ந்தது இங்கிலாந்துல எசெக்ஸ் பக்கம் பேசில்டன். டெபெஷ் மோட்னு பேண்ட், 1981ல முதல் ஆல்பம், பெரும்பாலான பாட்டு இவரு எழுதினது, 'ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்' பிரிட்டிஷ் சார்ட்ல 8வது இடம் வரைக்கும் போச்சு, அந்த வருஷம் முடியறதுக்குள்ள ஆள் கெளம்பிட்டாரு. பேட்டி, டூர், புகழ் இதெல்லாம் அவருக்கு ஆகல. அடுத்து அதே ஊர்க்காரி ஆலிசன் மொயே பாட யாஸூனு ரெண்டு பேர் குழு, 1982ல 'ஒன்லி யூ' 2வது இடம், 1983ல ரெண்டாவது ஆல்பம் நம்பர் 1, அந்த ஆல்பம் வர்றதுக்குள்ள குழுவே கலைஞ்சாச்சு! அப்புறம் 1985ல பத்திரிகையில விளம்பரம் குடுத்து ஆண்டி பெல்னு ஒரு பாடகர புடிச்சாரு, அதான் இரேஷர்னு அடுத்த குழு. முதல் ஆல்பம் ஊத்திக்கிச்சு, ஆனா இந்த தடவை மனுஷன் நகரல, 1988ல 'தி இன்னசன்ட்ஸ்' நம்பர் 1.

ஒண்ணு கவனி தம்பி. அவரு கெளம்பும்போது சொந்த மெட்டு கையில இருந்துச்சு. அவரு போனதால டெபெஷ் மோடும் முழுகிடல, கூட இருந்த மார்ட்டின் கோர் பாட்டெழுதற பொறுப்ப ஏத்துக்கிட்டு இன்னும் பெருசாத்தான் ஆனாங்க. உன்கிட்ட சொந்தமா மெட்டு இருக்கா? இருந்தா கெளம்பு, ஆனா அட்வான்ஸ் வாங்குன கச்சேரிய முடிச்சு குடுத்துட்டு.

மயிலாடுதுறை கல்லூரி மாணவி: வின்ஸ் கிளார்க் பாட்டுல எல்லாத்தையும் மெஷினே வாசிக்குது, இதுல அவருக்கு என்னண்ணே வேலை?

மெஷின் தானா வாசிக்காதும்மா, சீக்வென்சர்னு சுரத்த வரிசையா பதிஞ்சு வாசிக்கிற கருவியில ஒவ்வொரு சுரத்தையும், அதோட நீளத்தையும் ஆள் உக்காந்து ஏத்தணும். மின்சாரத்துலயே ஓசை உண்டாக்குற அந்தக்கால சிந்தசைசர் நிறைய ஒரு நேரத்துல ஒரே சுரம்தான் பேசும், அதனால இவரு பல சுரத்த ஒண்ணா சேர்த்து (கார்டுனு சொல்வாங்க) அமுக்கி நிரப்பாம தனித்தனி இழையா மெட்டு போட்டு பின்னுவாரு, அந்த துள்ளல் அங்கேர்ந்துதான் வருது. இன்னொண்ணு, பாட்ட மொதல்ல கிட்டார்லதான் போடுவாரு. 'ஒன்லி யூ'வ ஃப்ளையிங் பிக்கெட்ஸ்னு ஒரு குழு எந்த வாத்தியமும் இல்லாம வெறும் தொண்டையிலயே பாடி 1983 கிறிஸ்துமஸுக்கு நம்பர் 1 ஆக்கிட்டாங்க, ஒரிஜினலுக்கே கெடைக்காத எடம் அது. மெஷின கழட்டி வச்சாலும் பாட்டு நின்னுச்சா இல்லையா?

திருவையாறு வாசகி: எங்கப்பா கர்நாடக சங்கீதம் தவிர எதுவும் கேக்க மாட்டாரு, இவரோடது எத போடலாம்?

இரேஷர் வேணாம், ரெண்டாவது நிமிஷமே துண்ட ஒதறிட்டு எழுந்துருவாரு. 2023ல கிளார்க் தனியா போட்ட 'சாங்ஸ் ஆஃப் சைலன்ஸ்' போடுங்க. ஒவ்வொரு டிராக்குக்கும் அடியில ஒரே சுரம் கடைசி வரைக்கும் ஓடணும்னு அவரே விதி வச்சுக்கிட்டு செஞ்சது, தம்பூரா சுருதி மாதிரியே நிக்கும். ராகம் தேடுனா கெடைக்காது, சுருதி கெடைக்கும். சீரியல் நேரத்துல மட்டும் போட்டுறாதீங்க, அம்மா திட்டுவாங்க.