நுட்டெல்லா, சாக்லேட் எல்லாம் செய்யும் ஃபெரேரோ நிறுவனம் இன்னும் அதைத் தொடங்கிய ஃபெரேரோ குடும்பத்திடம்தான் இருக்கிறதா?

ஆமாம், மூன்றாம் தலைமுறை கையில். பங்குச் சந்தைக்கே போனதில்லை.

1946-இல் இத்தாலியின் ஆல்பா ஊரில் பியெத்ரோ ஃபெரேரோ தொடங்கியது. போர் அப்போதுதான் முடிந்திருந்தது. கோகோ கிடைப்பதே அரிது. ஆனால் அந்தப் பக்கம் ஹேசல்நட் என்ற கொட்டை நிறைய விளையும். அதை அரைத்து, கொஞ்சம் கோகோ சேர்த்து, ரொட்டியோடு வெட்டிச் சாப்பிடும் கட்டியாக விற்றார். 1949-இல் அவர் இறந்ததும் மனைவி பியெராவும் தம்பி ஜோவான்னியும் தாங்கிப் பிடித்தார்கள்.

அப்புறம் வந்த மகன் மிக்கேலே, என்னைக் கேட்டால், உண்மையான மேதை. ரொட்டியில் தடவும் பசையாக 1951-இல் வந்திருந்ததை மெருகேற்றி 1964-இல் நுட்டெல்லா ஆக்கினார். கிண்டர், 1982-இல் ஃபெரேரோ ரோஷர் ஆகிய சாக்லேட்டுகள் எல்லாம் அவர் காலத்தவை. 2015-இல் மறைந்தார். இப்போது பொறுப்பு மிக்கேலேயின் மகனான இன்னொரு ஜோவான்னியிடம்.