கம்ப்யூட்டர் ராம் வாங்க எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன் சார். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில். 2020-ல் எஸ்.பி. ரோட்டில் ஒவ்வொரு பார்ட்டாக வாங்கி நானே அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு இருக்கிறது. 4கே ஃபைல் போட்டால் திணறுகிறது. இரண்டையும் கழற்றிவிட்டு 16 ஜிபி ராம் இரண்டு போடச் சொல்கிறார் கடைக்காரர், 22,000 ரூபாயாம். கிரெடிட் கார்டில் 12 மாத நோ-காஸ்ட் இஎம்ஐ போடவா, ஒரு லட்ச ரூபாய் எஃப்.டி.யை உடைக்கவா? விலை இன்னும் ஏறும், இரண்டு செட் வாங்கிவைத்து ஒன்றைப் பிறகு விற்றுவிடலாம் என்கிறான் என் மச்சான்.

பதில்: இஎம்ஐயும் வேண்டாம், எஃப்.டி.யையும் தொட வேண்டாம். 22,000 ரூபாய் என்ற கணக்கே எனக்குச் சரியாகப் படவில்லை. பணம் எங்கிருந்து எடுப்பது என்பதை அப்புறம் பார்ப்போம்.

இன்று வேலை செய்யும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியை, அதாவது ராமைப் பாருங்கள். வழக்கமாகத் திணறும் அந்த 4கே ஃபைல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 16 ஜிபியில் 15-ஐத் தொட்டுக்கொண்டு நின்று, டிஸ்க்கும் ஓயாமல் ஓடினால் ராம் போதவில்லை என்று அர்த்தம். இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கையே மெமரியாகப் பயன்படுத்துகிறது, அதனால்தான் இழுக்கிறது. பத்து, பதினொன்றிலேயே நின்று சிபியு மட்டும் 100-ல் இருந்தால், 22,000 கொட்டினாலும் திணறல் அப்படியேதான் இருக்கும். அப்போது ப்ராக்ஸி ஃபைல், அதாவது ஒரிஜினலின் குறைந்த தர நகல் உருவாக்கி அதில் எடிட் செய்யுங்கள். பிரீமியர், டாவின்சி ரிசால்வ் இரண்டிலும் அந்த வசதி உண்டு. செலவு ஒரு பைசா இல்லை. உங்கள் தொழிலைப் பற்றி உங்களுக்கே பாடம் எடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். வீட்டுச் செலவுக் கணக்குப் பார்க்கும்போதும் ஓட்டை எங்கே என்று தெரியாமல் நான் மூடி வாங்கச் சொல்வதில்லை.

ராம்தான் குறை என்று தெரிந்தால், அதே திரையில் ராம் பொருத்தும் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் இருக்கும். நான்கில் இரண்டு காலியாக இருந்தால் பழையதை ஏன் கழற்ற வேண்டும்? அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி ஜோடியைச் சேர்த்தால் 32 ஜிபி ஆகிவிடும். செலவு ஏறக்குறைய பாதி. வெவ்வேறு செட்டுகள் சில மதர்போர்டில் முழு வேகத்தில் ஒத்துப்போகாது என்பதால், ‘சேரவில்லை என்றால் மாற்றித் தருவீர்களா’ என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்ட் என்றாலும் தப்பில்லை, ராமில் தேய்வதற்கு எதுவும் கிடையாது. வாங்கிய அன்றே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓர் இரவு ஓட விடுங்கள். டிடிஆர்5 அடுத்த தலைமுறை ராம், உங்கள் போர்டில் ஏறாது, விலை குறைவு என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள்.

இப்போது பணம். ‘நோ-காஸ்ட்’ என்பது பேச்சுக்குத்தான். வட்டி 16 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22,000 ரூபாய்க்குள் சுமார் 1,800 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கும். அதைத் தள்ளுபடி என்று கழித்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 320 ரூபாய் சொச்சம் உங்கள் தலையில்தான். பிராசஸிங் கட்டணம் தனி. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போச்சு. இதெல்லாம் சில நூறு ரூபாய்தான், அதைவிட எனக்குப் பயம் ஆடி மாதத்தைப் பற்றித்தான். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் உங்களுக்கு வரவு சுருங்கும், இஎம்ஐ சுருங்காது. ஒரு தவணை தவறினால் கார்டு வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதத்தை ஒட்டிப் போகும். அந்த இரண்டு மாதத்துக்கான அரிசி பருப்புதான் உங்கள் எஃப்.டி. முன்கூட்டி உடைத்தால் வட்டியில் அரை, ஒரு சதவீதம் வெட்டுவார்கள் என்பது சின்ன விஷயம். திரும்பப் போட மாட்டீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். அடுத்து வரும் ஒரு கல்யாணத்தின் அட்வான்ஸில் பத்து, பன்னிரண்டாயிரத்தை ஒதுக்கி வாங்குங்கள்.

மச்சான் சொல்வதில் பாதி உண்மை. 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி பெருமளவு போவதால் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. மெமரி தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம், கடைகளில் ராம் விற்கும் தன் க்ரூஷியல் பிராண்டை நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. டிடிஆர்4 உற்பத்தியையும் பெரிய நிறுவனங்கள் 2025-ல் குறைக்கத் தொடங்கின. ஆனால் இது தங்கம் இல்லை. 2018-ல் ராம் விலை உச்சத்தில் இருந்தபோது, இன்னும் ஏறும் என்று பயந்து நானும் ஓடிப்போய் வாங்கினேன். அடுத்த வருடம் அதன் விலை விழுந்த வீழ்ச்சியை வீட்டில் இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். உங்களுக்குத் தேவைப்படும் செட்டை வேலைக்காக வாங்குங்கள். இரண்டாவது செட்டுக்கு ஆசை இருந்தால் மச்சான் தன் பணத்தில் வாங்கட்டும்.

பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். புதிதாக வாங்கினால் பில் வாங்கிவிடுங்கள். வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி பதிவு செய்யவில்லை என்றால் ராம் விலையில் சேர்ந்த 18 சதவீத ஜிஎஸ்டி திரும்ப வராது. வரவில் ஒரு பங்கை லாபம் என்று காட்டும் உத்தேச வருமான முறையில் வரி கட்டுகிறீர்கள் என்றால் ராமுக்குத் தனியாகக் கழிவும் கிடையாது. கணக்குப் புத்தகம் வைத்திருந்தால் கம்ப்யூட்டருக்கான 40 சதவீதத் தேய்மானத்தில் சேர்க்கலாம். அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான்.

போர்டில் இரண்டே ஸ்லாட் என்றால் மட்டும் 16 ஜிபி ஜோடிக்குப் போக வேண்டிவரும். அப்போது பழைய இரண்டையும் எக்ஸ்சேஞ்ச் என்று கடைக்காரர் சொல்லும் விலைக்கு அங்கேயே தள்ளிவிடாதீர்கள். இன்றைய நிலையில் அதற்கும் நல்ல விலை இருக்கிறது. நாலு கடை ஏறி இறங்கிக் கேளுங்கள்.