ஏ.ஆர்.டி. மாத்திரையோட ஜெலுசில் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயசு. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு, ரெண்டு வருஷமா ஏ.ஆர்.டி. சென்டர்ல (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) தர்ற டி.எல்.டி.ங்கற மூணு மருந்து சேர்ந்த மாத்திரையை ராத்திரி 9 மணிக்குப் போடறேன், வைரல் லோட் டெஸ்ட்ல வைரஸ் தெரியலைன்னு சொல்லிட்டாங்க. இப்ப ரத்தம் கம்மின்னு வேற ஒரு டாக்டர் அயர்ன், கால்சியம் எழுதிக் கொடுத்திருக்காரு, அவர்கிட்ட எச்.ஐ.வி. பத்தி நான் சொல்லல. நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் வேற குடிக்கறேன். எல்லாம் சேர்த்துப் போடலாமா? சொந்தக்காரர் ஒருத்தர் நாட்டு மருந்து போதும், மாத்திரையை விட்டுடுங்கறாரு.
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்கம்மா, முதல்ல அதைச் சொல்லிடறேன். வைரஸ் தெரியலைன்னா அது போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, உடம்புல சில செல்லுக்குள்ள பதுங்கிக் கிடக்கு, மாத்திரையை நிறுத்தினா பெரும்பாலும் சில வாரத்துலயே திரும்பக் கிளம்பிடும். உங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி-யும் (கல்லீரலைத் தாக்கற வைரஸ்) இருந்தா இன்னும் ஆபத்து, ஏன்னா இந்த மாத்திரைல இருக்கற டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் சேர்த்து அடக்கி வச்சிருக்கு, திடீர்னு விட்டா கல்லீரல் கடுமையா பாதிக்கலாம். நாட்டு மருந்து எதுவா இருந்தாலும் சென்டர் டாக்டர்கிட்ட காட்டாம எடுக்காதீங்க.

இப்ப ஜெலுசிலுக்கு வர்றேன். உங்க மாத்திரைல மூணாவதா இருக்கறது டோலுடெகிராவிர். ஜெலுசில்ல இருக்கற அலுமினியம், மெக்னீசியம் இதெல்லாம் வயித்துக்குள்ள அதைப் பிடிச்சு வச்சுக்கும், மருந்து ரத்தத்துல சரியா ஏறாது, நீங்க தினமும் தவறாம போட்டும் பாதி வீணாப் போனா எவ்ளோ வருத்தம். அதனால 9 மணிக்கு டி.எல்.டி. போடறீங்கன்னா ஜெலுசிலை மத்தியானம் 3 மணிக்குள்ள குடிச்சிடுங்க, இல்லைன்னா ராத்திரி 11-க்கு மேல. அதாவது ஜெலுசில் குடிச்சு 6 மணி நேரம் கழிச்சு மாத்திரை, இல்ல மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழிச்சு ஜெலுசில். அயர்னுக்கும் கால்சியத்துக்கும் இதே கணக்குதான், ஆனா சாப்பாட்டோட போட்டா டி.எல்.டி.யோட சேர்த்தே போடலாம், வெறும் வயித்துல மட்டும் கூடாது. நெஞ்செரிச்சல் அடிக்கடி வருதுன்னா பான்டோப்ரசோல் மாதிரி மாத்திரை கேளுங்க, அதுக்கு இந்தத் தொல்லை இல்ல.

ஒரு நாள் மறந்துட்டா ஞாபகம் வந்ததும் போட்டுடுங்க, அடுத்த வேளைக்கு 4 மணி நேரம்கூட இல்லைன்னா விட்டுட்டு வழக்கம்போல போடுங்க, ரெண்டா சேர்த்துப் போடாதீங்க. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் அடிக்கடி வாங்கிப் போடற பழக்கம் இருந்தா அதையும் நிறுத்தணும், டெனோஃபோவிரோட சேர்ந்து கிட்னிய பாதிக்கலாம். சுகருக்கு மெட்ஃபார்மின் எடுக்கறவங்களும், டி.பி. மருந்து எடுக்கறவங்களும் சென்டர்ல கண்டிப்பா சொல்லணும், அளவு மாத்த வேண்டியிருக்கும்.

அந்த டாக்டர்கிட்ட சொல்லத் தயக்கமா இருக்கறது எனக்குப் புரியுது. 2017-ல வந்த எச்.ஐ.வி. சட்டப்படி உங்க சம்மதம் இல்லாம அதை வெளில சொல்லக்கூடாதும்மா. நேர்ல சொல்ல வாய் வரலைன்னா எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில போட்டு அடுத்த விசிட்டுக்கு ஏ.ஆர்.டி. சென்டருக்கு எடுத்துட்டுப் போங்க, அவங்களே பாத்து நேரம் எழுதித் தருவாங்க. அவசரமா சந்தேகம் வந்தா எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்கு போன் பண்ணலாம், காசு கிடையாது.