கொழுப்புத் திசுவும் கல்லீரலின் இன்சுலின் எதிர்ப்பும்: கேள்வி பதில்

கேள்வி: இரவு 8 மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடுவதில்லை. ஆனாலும் காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை கூடியே இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது?

பதில்: பெரும்பகுதி உங்கள் கல்லீரலிலிருந்தே வருகிறது. நாம் உறங்கும்போது மூளைக்கு வேண்டிய குளுக்கோஸைக் கல்லீரல் தயாரித்து அனுப்புவது இயல்பு. அதை அளவோடு நிறுத்துவது இன்சுலின். அந்தக் கட்டளைக்குக் கல்லீரல் சரிவரப் பணியாத நிலையையே கல்லீரலின் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம்.

கேள்வி: இதில் கொழுப்புத் திசுவுக்கு என்ன பங்கு?

பதில்: பலரும் கவனிக்கத் தவறும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கொழுப்பு செல்கள் தம் இருப்பை வெளியே விடாமல் பிடித்து வைப்பதும் இன்சுலினின் கட்டளையால்தான். கொள்ளளவுக்கு மேல் நிரம்பிய செல்கள் அக்கட்டளையை மதிப்பது குறையும்போது, டிரைகிளிசரைடு என்ற வடிவில் சேமித்த கொழுப்பு உடைந்து, கொழுப்பு அமிலங்களும் கிளிசராலும் இரத்தத்தில் கலந்து கல்லீரலைச் சென்றடைகின்றன. கிளிசரால் குளுக்கோஸுக்கு நேரடி மூலப்பொருள். கொழுப்பு அமிலங்கள் எரிகையில் உருவாகும் அசிட்டைல் கோ-ஏ என்ற மூலக்கூறு, குளுக்கோஸ் உற்பத்திக்கான பைருவேட் கார்பாக்சிலேஸ் என்ற நொதியை முடுக்கிவிடுகிறது. ஆகவே கல்லீரல் செல்களுக்குள் இன்சுலின் சமிக்ஞை பழுதடையாத நிலையிலும், கொழுப்புத் திசு பிடி தளர்ந்தாலே சர்க்கரை உற்பத்தி கூடக்கூடும். எரியாமல் தங்கும் கொழுப்பு காலப்போக்கில் அந்தச் சமிக்ஞையையும் மட்டுப்படுத்துகிறது.

கேள்வி: தொப்பைக் கொழுப்புதான் முழுக் காரணமா?

பதில்: முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பின் இரத்தம் போர்ட்டல் சிரை வழியே நேராகக் கல்லீரலுக்குச் செல்வது உண்மை. ஆயினும் அங்கே வந்து சேரும் கொழுப்பு அமிலங்களில் பெரும்பங்கு, மேலுடலின் தோலடிக் கொழுப்பிலிருந்து பொது இரத்த ஓட்டத்தின் வழியாக வருவதாகவே அளவீடுகள் காட்டுகின்றன.

கேள்வி: அப்படியானால் உடலில் கொழுப்பே இல்லாதிருப்பது நல்லதுதானே?

பதில்: இல்லை, அது பெருந்தீங்கு. லிபோடிஸ்ட்ரோபி என்ற நோயில் கொழுப்புத் திசு ஏறக்குறைய முற்றிலும் இல்லாமல் போகலாம். வைக்க இடமற்ற கொழுப்பு கல்லீரலில் குவிந்து, கடுமையான இன்சுலின் எதிர்ப்பு உண்டாகிறது. கொழுப்புத் திசு அற்ற சுண்டெலிகளுக்கு அத்திசுவைப் பதித்தபோது அவற்றின் நீரிழிவு நீங்கியதாக 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. பியோகிளிட்டசோன் என்ற நீரிழிவு மருந்தால் எடை சற்றுக் கூடியும் கல்லீரல் கொழுப்பு குறைவதற்கும் இதே காரணம்: தோலடிக் கொழுப்பு தன் கொள்ளளவைப் பெருக்கிக்கொள்கிறது.

கேள்வி: எவ்வளவு எடை குறைத்தால் பலன் தெரியும்?

பதில்: உடல் பருமனுடைய இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகள் சிலரைக் கொண்டு 2005இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், சராசரியாகச் சுமார் 8 கிலோ குறைந்ததுமே கல்லீரலின் இன்சுலின் உணர்திறன் இயல்புக்குத் திரும்பியது. இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்போனைல்யூரியா வகை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையெனில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம்.